பூஜைப் பெட்டிக்கு வைத்த அரக்கு

1912 அக்டோபர் 14, திங்கள். மேலப்படுகை.

காலை ரயில், அப்புறம் மாட்டுவண்டி. முதுகு இரண்டாகிவிட்டது. முனிசிபாலிட்டி ஹெட்கிளார்க் திருஞானசம்பந்தம் பிள்ளை வாசலுக்கே வந்து வரவேற்றார். நேற்றே வந்து இளைப்பாறியிருக்கலாமே என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் பிரயாணம் செய்வதுமில்லை, பேனாவைத் தொடுவதுமில்லை என்றேன். பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர்கள் எல்லாரும் இப்படித்தானோ என்று சிரித்தார். மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். வந்து இறங்கியதுமே முகத்தில் அடித்த மாதிரி ஒரு பதில். என் மனைவி சாலோமி கூட இருந்தால் தொடையில் கிள்ளியிருப்பாள்.

இந்த நகரசபையின் வரவுசெலவைத் தணிக்கை செய்ய ஒரு வாரம் கொடுத்திருக்கிறார்கள். ஆடிட்டர் என்றால் ஊரில் யாருக்கும் பிடிக்காது. எனக்கே சில நாள் பிடிப்பதில்லை.

தங்கியிருக்கும் சர்க்கார் பங்களாக் கட்டிலில் மூட்டைப்பூச்சி.

அக்டோபர் 16, புதன்.

காசுப்பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவர் கைலாசம் பிள்ளை. ஷராப்பு என்று கூப்பிடுகிறார்கள். ஒல்லி மனிதர், திருநீறு, காதில் பழைய கடுக்கன். அவருடைய ரொக்கப் புத்தகத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. இரண்டு நாளாகத் துருவித் துருவிப் பார்த்தும் ஒரு தப்பும் அகப்படவில்லை. சந்தோஷப்பட வேண்டியவன் எரிச்சல்படுகிறேன். இது என்ன புத்தி?

அவர் அதிகம் பேசுவதில்லை. கேட்டதை எடுத்து வைக்கிறார், கேட்காததை எடுத்து வைப்பதில்லை.

அக்டோபர் 17, வியாழன்.

நாள் முழுக்க மழை. விளக்கெண்ணெய்ச் செலவு ரசீது ஒன்றைக் காணோம் என்று தேடி, என் மேசைக்கு அடியிலேயே கண்டெடுத்தேன். யாரும் சிரிக்கவில்லை. பைய அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அக்டோபர் 18, வெள்ளி.

இன்று செய்த காரியம் கெட்டிக்காரத்தனமா, முட்டாள்தனமா என்று தெரியவில்லை. நடந்ததை எழுதிவைக்கிறேன்.

ரொக்கத்தை முன்னறிவிப்பு இல்லாமல் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது விதி. மூன்று மணிக்குத் திடீரென்று போய் நின்றேன். போனால், ஆபீஸில் சரஸ்வதி பூஜைக்கு எல்லாம் அடுக்கியாகிவிட்டது. கணக்குப் புத்தகங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, சந்தனம் குங்குமத்தோடு. இரும்புப் பெட்டிக்கும் மாலை போட்டிருந்தார்கள். நாளை பூஜை. மறுநாள் விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து எடுக்கிறவரை புத்தகத்தைத் தொடக்கூடாது, பெட்டியைத் திறக்கக்கூடாது.

ஹெட்கிளார்க்குக்கு வியர்த்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணிக்கொள்ளலாமே என்று கெஞ்சினார். அவர் கெஞ்சிய விதம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. கைலாசம் பிள்ளை மட்டும் மெதுவாகச் சொன்னார்: "நீங்க தெறந்தா நா தடுக்க மாட்டேன் ஐயா. ஆனா இன்னைக்கு நா சாவியத் தொட மாட்டேன்."

திறக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு. ஆனால் எங்கள் கோயிலில் ஜெபம் நடக்கும்போது ஒருத்தன் வந்து காணிக்கைப் பெட்டியைத் திற என்றால் எனக்கு எப்படி இருக்கும்? மனசு வரவில்லை. அதற்காக அப்படியே விட்டுவிட்டும் வரமுடியாது. குறைகிற பணத்தை இரண்டு நாளில் எங்கேயாவது புரட்டி வைத்துவிடலாம். ஆகவே சாவித் துவாரத்தின் மேல் துணி ஒட்டி, அரக்கை உருக்கி ஊற்றி, என் முத்திரையை வைத்துவிட்டேன். டவாலிச் சேவகன் மாடக்கண்ணு மெழுகுவத்தி பிடித்தான். பெட்டியையும் ஹெட்கிளார்க்கையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை கிடையாது, திங்கட்கிழமை திறப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 19, சனி.

காலையில் பங்களாக் காவற்காரன் காப்பியை வைத்துவிட்டு, ஷராப்புப் பிள்ளை ஆயிரம் ரூபாயை முழுங்கிவிட்டாராமே என்று கேட்டான். யார் சொன்னது என்றேன். கடைத்தெரு பூராவும் அதுதான் பேச்சாம். பெட்டிக்கு அரக்கு வைத்துவிட்டார்கள் என்றால் திருட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அர்த்தமாம்.

நான் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. எண்ணவே இல்லை!

சாயங்காலம் கைலாசம் பிள்ளையின் மனைவி பிரம்மநாயகி அம்மாள், தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மாள் வேப்பமரத்தடியில் நின்றபடியே பேசினார். அவர் புருஷன் நேற்று ராத்திரியிலிருந்து சாப்பிடவில்லை. பூஜைக்கு ஆபீஸுக்குப் போனவரை வழியில் இரண்டு ஆட்கள் பேர் சொல்லியே திருடன் என்றார்களாம். திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டாராம். நாளைக்கே திறந்து எண்ணிவிடும்படி கேட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் வேலை செய்வதில்லை என்றேன்.

"பூஜைக்கு வச்ச பெட்டியில அரக்கு ஊத்துததுக்கு நாளு கெழமை ஒண்ணும் தடுக்கலை," என்றார். "தெறக்கதுக்கு மட்டும்தான் தடுக்குதோ ஐயா?"

கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். யோசிக்கிறேன் என்றேன். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 20, ஞாயிறு.

ஞாயிற்றுக்கிழமையில் பேனாவைத் தொடுவது இதுதான் முதல் தடவை. இங்கேயுள்ள சின்னக் கோயிலில் காலை ஆராதனைக்குப் போனேன். உபதேசியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முடிந்ததும் நேராக ஆபீஸுக்கு நடந்தேன்.

எல்லாரும் பூ, பழம், தேங்காயோடு காத்திருந்தார்கள். அரக்கை உடைத்தேன். அவர்கள் தீபாராதனை காட்டினார்கள். நான் தாழ்வாரத்தில் நின்றேன். கும்பிடவும் முடியாது, பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவும் முடியாது. நல்ல காட்சி!

பிறகு எண்ணினேன். நகரசபைப் பணம் பைசா பிசகாமல் சரியாக இருந்தது. கைலாசம் பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, சரி என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். ஆனால் மற்றவர்கள் கண்ணெல்லாம் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அப்போதுதான் பெட்டியின் அடித்தட்டில் ஒரு சிவப்புப் பட்டுத்துணி மூட்டையைப் பார்த்தேன்.

உள்ளே பதினொரு வெள்ளி ரூபாய், ஒரு ஜேப்புக் கடியாரம், ஒரு கல் மோதிரம், குழந்தைக் கொலுசு ஒரு ஜோடி, ஒரு தங்கச் சங்கிலி. கணக்கில் இல்லாத பொருள்கள்.

மாடக்கண்ணுதான் போட்டு உடைத்தான். இந்த ஆபீஸில் வருஷா வருஷம் வழக்கமாம். பூஜைக்கு முன் ஆளுக்கொரு பொருளைப் பெட்டிக்குள் வைத்தால் வருஷம் பூராவும் பெருகுமாம். விஜயதசமி காலையில் பேசாமல் எடுத்துக்கொண்டு போவார்களாம். அட, இவ்வளவுதானா! பணம் குறைகிறது என்று நான் பயந்தேன். கூடுதலாக இருக்கிறதே என்று அவர்கள் பயந்திருக்கிறார்கள்.

ஆனால் விதி அப்படிச் சிரிக்காது. சர்க்கார் பெட்டியில் சொந்தப் பொருள் இருப்பது குறைவு இருப்பதற்குச் சமமான குற்றம். இவை யாருடையவை என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று ஷராப்பிடம், ஒன்று ஹெட்கிளார்க்கிடம். திருஞானசம்பந்தம் பிள்ளையைக் கேட்டேன். தன் சாவியை ஷராப்பிடம் கொடுத்துவிட்டுப் பூ வாங்கப் போனதாகவும் தனக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொன்னார். அவர் கோட்டில் வெள்ளிச் சங்கிலி தொங்கியது, அதன் நுனி ஜேப்புக்குள் போயிருந்தது. நுனியில் கடியாரம் இருக்கிறதா என்று ஜேப்பைச் சோதிக்க நான் போலீஸ்காரன் இல்லை.

கைலாசம் பிள்ளை முன்னால் வந்தார். "சங்கிலி எங்க வீட்டு அம்மாளுது. பூட்டுனது நான். மத்தது யாருதுன்னு நா சொல்லுததுக்கு இல்ல."

அந்த அம்மாளுக்கு நேற்றே தெரியும். திறந்தால் தன் சங்கிலி எல்லார் முன்னாலும் வெளியே வரும் என்று தெரிந்துதான் திறக்கச் சொல்ல வந்திருக்கிறார்.

அக்டோபர் 21, திங்கள்.

ரிப்போர்ட் எழுதி முடித்தேன். பெட்டியைத் திறந்த தேதியில் கை நின்றது. இருபத்தொன்று என்று போட்டால் பாளையங்கோட்டையில் யாருக்கும் தெரியாது. இருபது, ஞாயிறு என்றே போட்டேன். மூட்டையைப் பற்றியும் ஒளிக்காமல் எழுதினேன். வழக்கம், நஷ்டம் இல்லை, தண்டனை வேண்டாம் என்று சேர்த்துக்கொண்டேன்.

அக்டோபர் 23, புதன். பாளையங்கோட்டை.

ஓய்வுநாளில் வேலை செய்ததை எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் நானே போய்ச் சொன்னேன். சபைக் கமிட்டியில் இருந்து கொஞ்சநாள் விலகியிருக்கலாமே என்றார். சரி என்றேன். சாலோமி, "மறைக்காம சொன்னீங்கல்லா, போதும்," என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள். மாம்பழப் பச்சடி வைத்திருந்தாள், அகாலத்தில் எங்கே கிடைத்ததோ.

நவம்பர் 18, திங்கள்.

மேலே இருந்து உத்தரவு வந்துவிட்டது. ஷராப்பு கைலாசம் விசாரணை முடிகிறவரை சஸ்பெண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் அவர் ஒருவர்தானாம்! யாரும் உரிமை கோராத மற்றப் பொருள்கள் ஏலம் விட்டு நகரசபை நிதியில் வரவு வைக்கப்படும்.

உண்மை சொன்னவன் வீட்டுக்குப் போகணும், வாய மூடிக்கிட்டு நின்னவன் நாற்காலியில இருக்கணும். என்ன நியாயம் இது? என் ரிப்போர்ட்டை வைத்துத்தான் இதைச் செய்திருக்கிறார்கள். என் கைதான்.

நவம்பர் 22, வெள்ளி.

ஆட்சேபித்து எழுதினேன். ஆடிட்டரின் வேலை சுட்டிக்காட்டுவது, தீர்ப்புச் சொல்வதல்ல என்று இரண்டே வரியில் பதில்.

நவம்பர் 27, புதன்.

மேலப்படுகைக்குப் போனேன். ஆபீஸ் வேலை இல்லை, சொந்தக் காசில்தான். கைலாசம் பிள்ளை ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தார். கரையில் மருதமரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்தேன். வெள்ளம் செக்கச் செவேலென்று போய்க்கொண்டிருந்தது.

ஈரத்துண்டோடு வந்தவர் என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை. மற்றவர்கள் பேரைச் சொன்னால் பழியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், வேலை திரும்பக் கிடைக்கும் என்றேன். துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"எல்லாரும் ஆசையா வச்சது ஐயா. ஒருத்தரும் திருடலை. நா பேரச் சொல்லி இன்னும் நாலு வீட்டுல அடுப்பு அணையணுமா?"

அவர் வீட்டு அடுப்பு? அதை நான் கேட்கவில்லை. கடைத்தெருவில் இன்னும் திருட்டு ஷராப்பு என்றுதான் சொல்கிறார்களாம். அதை அவர் சொல்லவில்லை, வண்டிக்காரன் சொன்னான்.

டிசம்பர் 11, புதன்.

இன்று ஏலம். வரவைச் சரிபார்க்க நான் இருக்கவேண்டும் என்று போனேன். ஆபீஸ் முற்றத்தில் கூட்டம். சேர்மன் நாற்காலியில். சிப்பந்திகள் எல்லாரும் ஓரமாக, வேறு எதற்கோ வந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

ரூபாய்கள் நேராக வரவில் போய்விட்டன. முதலில் எடுத்தது கடியாரம். மூன்று ரூபாய் என்று மேலப்பாளையத்து வியாபாரி ஒருவர் ஆரம்பித்தார். நாலு என்றார் ஹெட்கிளார்க், பார்வையைக் கூரையில் வைத்துக்கொண்டு. வியாபாரி ஐந்து. இவர் ஆறு. ஒன்பது, பத்து என்று போயிற்று. வியாபாரிக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது போலிருக்கிறது, ஒரேயடியாகப் பதினைந்து என்றார். திருஞானசம்பந்தம் பிள்ளை கூரையிலிருந்து பார்வையை இறக்கினார். பதினாறு. வியாபாரி இருபது என்றுவிட்டு, ஓடாத கடியாரத்துக்கு இம்புட்டு ஆசையா பிள்ளைவாள் என்று சிரித்தார்.

"ஓடாததா? எங்க மாமனார் கலியாணத்துக்குப் போட்டதுவே அது! என் கடியாரத்த ஒமக்கு விக்கதுக்கு நான் ஏலம் கேக்கணுமாக்கும்?"

சேர்மன் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். ஹெட்கிளார்க் தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டார், என்ன பிரயோஜனம்?

நான் எழுந்து, பேனாவைத் திறந்து, தங்கள் கடியாரம்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றார். எழுதிக்கொண்டேன். அதற்கப்புறம் வரி வசூல் குமாஸ்தா வந்து, கொலுசு தன் மகளுடையது என்றார். மோதிரக்காரர் வந்தார். ரூபாய்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மாடக்கண்ணுவும் வந்தான், அதில் ஒரு ரூபாய் அவனுடையதாம். எல்லாருடைய வாக்குமூலமும் எழுதி, கையெழுத்து வாங்கினேன். சேர்மன் ஏலத்தை நிறுத்திவிட்டார்.

ரயிலில் வரும்போது தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிரே இருந்த பெண்பிள்ளை குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

1913 ஜனவரி 8, புதன். மேலப்படுகை.

எல்லாருக்கும் ஆளுக்கு இரண்டு ரூபாய் அபராதம், எச்சரிக்கை. அவரவர் பொருள் அவரவருக்கு. யார் வேலையும் போகவில்லை. கைலாசம் பிள்ளைக்கும் அதே இரண்டு ரூபாய்தான். திங்கட்கிழமையிலிருந்து மறுபடி பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

அபராதம் வரவாகியிருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். பார்த்தேன், ஆகியிருந்தது. கிளம்பலாம் என்று எழுந்தபோது கைலாசம் பிள்ளை சாவியை மேசைமேல் வைத்தார்.

"ஒரு தடவ எண்ணிப் பாத்துட்டுப் போங்க ஐயா."

இன்று எண்ணவேண்டிய நாள் அல்ல. எதற்குக் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், தெருப்பக்கத்துக் கதவுகள் இரண்டையும் விரியத் திறக்கச் சொன்னேன். மேசையை வாசலோரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். போகிறவர்கள் நின்றார்கள். கடைக்காரர்கள் கடையை விட்டு இறங்கி வந்தார்கள். அவசரப்படாமல், ஒவ்வொரு ரூபாயாக மேசையில் தட்டி எண்ணினேன்.

முடித்து எழுந்து, ஷராப்புக் கைலாசம் பிள்ளையின் பெட்டி சரியாக இருக்கிறது என்று சொன்னேன். நான் சத்தம் போட்டுப் பேசுகிறவன் இல்லை. இன்று தெருக்கோடியில் இருந்த பூக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.