வெண்ணிலா கல்யாணத்தில் எடுக்காத படம்

திண்டிவனம்
11-8-2013

மதிப்பிற்குரிய வெள்ளையம்மாள் அக்காவுக்கு, போட்டோகிராபர் சுகுமார் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது.

கெடாரை விட்டு மகனோடு ஓசூர் போனீர்களே, அந்தக் குளிர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? முழங்கால் வலி என்று கேள்விப்பட்டேன், இப்போது தேவலையா? இங்கே நானும் என் மனைவி துர்காவும் மகள் சங்கவியும் சுகமாக இருக்கிறோம். என்னை உங்களுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ. இருபது வருஷத்துக்கு முன்னால், தொண்ணூற்று மூன்று வைகாசியில், கெடாரில் நடந்த உங்கள் மகள் வெண்ணிலாவின் கல்யாணத்துக்கு விழுப்புரத்திலிருந்து வந்து படம் எடுத்தவன் நான்தான். அப்போது எலும்பும் தோலுமாக, தலை நிறையச் சுருட்டை முடியோடு இருந்தேன். இப்போது முடியும் இல்லை, எலும்பும் வெளியே தெரிவதில்லை. கடையைத் திண்டிவனத்துக்கு மாற்றிப் பதினாலு வருஷம் ஆகிறது.

இந்தக் கடிதத்தை நீங்களே படியுங்கள் அக்கா. ஐந்தாவது வரை படித்திருக்கிறீர்கள் என்று வெண்ணிலா சொன்னாள். எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தாலும் சரி, உங்கள் மகன் ரஞ்சித்திடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். கல்யாண மாப்பிள்ளை, என் மேல் கோபத்தோடு மேடை ஏற வேண்டாம்.

போன வாரம் வெண்ணிலா கடைக்கு வந்தாள். ரஞ்சித்துக்கு ஆவணியில் கல்யாணம், பெண் வீடு திண்டிவனம், மண்டபமும் இங்கேயே, போட்டோவுக்கு நீங்கள்தான் என்று சொன்னபோது எனக்கு ஒரே சந்தோஷம். இப்போது கல்யாண ஆர்டரெல்லாம் சங்கவிதான் பேசுகிறாள். மேடையில் யார் யார், எந்த வரிசையில் என்று எழுதிக்கொண்டே வந்தவள், மாப்பிள்ளையின் அம்மாவைத் தனியாக நாலைந்து எடுக்கலாம் என்றாள். வெண்ணிலா சிரித்துவிட்டு, "அம்மா நிக்க மாட்டாங்க, அவங்கள உட்டுடு" என்றாள். ஏன் என்று சங்கவி விடாமல் கேட்டாள். "என் கல்யாணத்துல ஒரே ஒரு தபா நின்னாங்க. அந்தப் படம் மட்டும் பாழாப்பூட்ச்சி. தான் நின்னதாலதான்னு சொல்லிக்கினு, அன்னிலருந்து கேமராவைக் கண்டா நகந்துடுவாங்க. என் வளைகாப்புல இல்ல, புள்ளைங்க காதுகுத்துல இல்ல. ஓட்டு கார்டுல கூட எம்மூஞ்சி கருப்பாத்தான உழுந்துதுன்னு அதையும் சாட்சிக்கு இழுப்பாங்க" என்றாள்.

நான் பக்கத்து மேசையில் பாஸ்போர்ட் படம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஆளின் காதோடு சேர்த்து வெட்டிவிட்டேன்.

முதலில் அந்த ஓட்டு கார்டு விவகாரத்தை முடித்துவிடுகிறேன். ஓட்டு கார்டு முதன்முதலாகக் கொடுத்த வருஷம் வானூர் பக்கத்துக் கிராமங்களில் கார்டு படம் எடுத்தவர்களில் நானும் ஒருவன். ஒரு நாளைக்கு ஐந்நூறு அறுநூறு பேர். பள்ளிக்கூட வாசலில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்து, அடுத்தது அடுத்தது என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். வெளிச்சம் முதுகில் விழுந்தால் முகம் இருட்டாகத்தான் வரும். ஊர் முழுக்க அப்படித்தான் வந்தது. கெடாரில் எடுத்தவனும் இதைத்தான் செய்திருப்பான். என் கார்டில் இருக்கும் ஆளைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. அதற்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இனி கல்யாணப் படத்துக்கு வருகிறேன். அதைச் சொல்வதற்கு எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று துர்கா சொல்வாள்.

அந்தக் காலத்தில் ஒரு ஃபிலிம் ரோலில் முப்பத்தாறு படம்தான் எடுக்கலாம். ஒரு கல்யாணத்துக்கு மூன்று ரோல். பந்தலில் நிற்பதோ முந்நூறு பேர். மாமன் மச்சான் சித்தப்பா பெரியப்பா எல்லாரும் நிற்க வேண்டும், சின்னப் பிள்ளைகள் வேறு காலைச் சுற்றிக்கொண்டு, "அண்ணா எங்கள, அண்ணா எங்கள" என்று விடாது. ஃபிளாஷுக்குப் பின்பக்கம் சின்னதாக ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். விளக்கு எரிகிறதா என்று சரிபார்ப்பதற்காக வைத்தது. அதை அழுத்தினால் வெளிச்சம் மட்டும் பளிச்சென்று அடிக்கும். கேமரா திறக்காது, ஃபிலிம் நகராது. பிள்ளைகள் படம் எடுத்தாகிவிட்டது என்று குதித்துக்கொண்டு ஓடிவிடும். வெறும் ஃபிளாஷ் என்போம். அதை அடிக்காத கல்யாணப் போட்டோகிராபர் அன்றைக்கு இந்தப் பக்கத்தில் ஒருவன்கூட இல்லை. யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தோம்.

தாலி கட்டி முடிந்து வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். நீங்கள் பந்தலுக்கு வெளியே சமையல் பக்கம் நின்றிருந்தீர்கள். புருஷனை இழந்தவர் மேடைக்கு வரக்கூடாது என்று அன்றைக்கு எல்லாரும் சொல்வதுதான், நீங்களும் ஒதுங்கித்தான் நின்றீர்கள். வெண்ணிலா மாலையும் கழுத்துமாக இறங்கி ஓடிப்போய் உங்கள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "எங்கம்மா இல்லாம நான் ஒரு படத்துக்கும் நிக்க மாட்டேன்" என்றாள். உங்கள் வீட்டுக்காரரின் அண்ணன் சின்னக்கண்ணு என் தோளுக்குப் பின்னால் வந்து, "ஆல்பத்துல அது வரக்கூடாது, பாத்து நடந்துக்க" என்று காதில் சொன்னார். நான் தலையாட்டினேன்.

நீங்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றீர்கள். அரக்கு நிறத்தில் கட்டம் போட்ட நூல் சேலை. மல்லாட்டைக் கொல்லையை ஒற்றை ஆளாகப் பயிர் வைத்து, கைப்பிள்ளையாக இருந்த ரஞ்சித்தையும் வளர்த்து, பெண்ணையும் கரை சேர்த்துவிட்ட நிமிர்வு அது. நான் ஆயிரக்கணக்கான பேரை நிற்க வைத்துப் படம் எடுத்திருக்கிறேன் அக்கா. கேமராவுக்குப் பயப்படாமல், கேமராவுக்காக நடிக்காமல் அப்படி நின்றவர்கள் மிகக் குறைவு. வெண்ணிலா உங்கள் தோளில் சாய்ந்தாள். நீங்கள் சிரித்தீர்கள்.

நான் சிவப்பு பட்டனை அழுத்தினேன்.

சின்னக்கண்ணு அண்ணன் இன்றைக்கு இல்லை. அவர் மேல் பழி போட்டுத் தப்பிக்க நான் இதை எழுதவில்லை. அவர் சொன்னார், அழுத்திய விரல் என்னுடையது. நான் கிளம்பும்போது நீங்கள் வேகவைத்த மல்லாட்டையைப் பை நிறையப் போட்டுக் கொடுத்தீர்கள். வெட்கம் இல்லாமல் அந்தக் கடலையையும் பஸ்ஸில் உரித்துத் தின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

இதைவிடப் பெரிய தப்பு அதற்குப் பிறகு நடந்தது. ஆல்பம் வாங்க நீங்களும் வெண்ணிலாவும் விழுப்புரம் கடைக்கு வந்தீர்கள். வெண்ணிலா முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, அம்மா படம் எங்கே என்றாள். "அந்த ஒண்ணு மட்டும் ஃபிலிம்ல விழலம்மா, பாழாயிட்ச்சி" என்றேன். நீங்கள் அவளை அதட்டவில்லை, என்னையும் ஒன்றும் கேட்கவில்லை. "நான் நின்னா அப்பிடித்தான் ஆவும்" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அது என் காதில் விழுந்தது அக்கா. அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாலு நாளில் மறந்துவிடுவார்கள் என்று நினைத்து ஆல்பத்துக்கு உறை போட்டுக் கொடுத்தேன்.

ஃபிலிம் பாழாகவில்லை. உங்களால் எதுவும் பாழாகவில்லை. அந்தப் படத்தை யாரும் எடுக்கவே இல்லை.

டிஜிட்டல் கேமரா புதிதாக வந்தபோது, இதெல்லாம் பிள்ளைகள் விளையாடுகிற பொம்மை என்று வாய்க்கொழுப்பாகப் பேசித் திரிந்தேன். இரண்டாயிரத்து நாலில் வேறு வழியில்லாமல் ஒன்று வாங்கி, வானூர் பக்கம் ஒரு காதுகுத்துக்கு எடுத்துப்போனேன். அங்கே பாத்திரம் கழுவ வந்திருந்த குப்பம்மாள் என்கிற அம்மா, "எம்மூஞ்சி வந்துட்ச்சா, காட்டு பாக்கலாம்" என்றார். கேமராவைத் திருப்பிக் காட்டினேன். பின்பக்கத் திரையில் அவர் முகம். தன் படத்தைப் பார்ப்பதற்கு அவர் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கவில்லை. அதுவரைக்கும் படம் விழுந்ததா இல்லையா என்பது லேபிலிருந்து ரோல் கழுவி வந்த பிறகு எனக்கு மட்டும் தெரிகிற ரகசியம். நான் என்ன சொன்னாலும் ஜனங்கள் நம்பித்தான் ஆக வேண்டும். அந்த அதிகாரம் அன்றைக்கு என் கையை விட்டுப் போயிற்று, போனது எவ்வளவு நல்லது. உங்கள் நினைப்பு அப்போதே வந்தது. ஆனாலும் உங்களுக்கு எழுதாமலே விட்டுவிட்டேன்.

பழைய காலத்துப் படம்போல வருமா என்று என் வயசுக்காரர்கள் புலம்புவார்கள். நான் புலம்ப மாட்டேன். ஸ்டூடியோவில் மரமும் மாளிகையும் வரைந்த திரைக்கு முன்னால், மூச்சை அடக்கச் சொல்லி எடுத்தோம். சாவு வீட்டில் நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டிய பிணத்தைக்கூட எடுத்தோம், உயிரோடு இருந்தபோது ஒரு படமும் எடுத்துக்கொள்ளாத மனிதர்கள் எத்தனை பேர் தெரியுமா. பிறகு கண் கூசுகிற விளக்கோடு வீடியோ வந்தது, எல்லாரும் இலையில் கை வைத்தபடி சோற்றை மறந்து உட்கார்ந்திருந்தோம். இப்போது கையில் போன் இருக்கிற ஒவ்வொருவரும் போட்டோகிராபர். கெடாரில் பந்தலைச் சுற்றி ஓடிய அந்தப் பிள்ளைகள் இன்றைக்குப் பிறந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் நூறு படம் இருக்கும். அதைப் பார்த்து எனக்குப் பொறாமை இல்லை அக்கா, நிம்மதிதான்.

சங்கவி எடுக்கிற விதம் எனக்கு முதலில் பிடிபடவில்லை. யாரையும் நிற்கச் சொல்ல மாட்டாள், இங்கே பாருங்கள் என்று கூப்பிட மாட்டாள். மரக்காணத்தில் ஒரு மீன்பிடிக் குடும்பத்துக் கல்யாணத்தில் இரண்டு பேரும் எடுத்தோம். நான் எல்லாரையும் வரிசைப்படுத்தி அருமையாக ஒரு குரூப் எடுத்தேன். அவள் ஓரமாக நின்று, பெண்ணின் அம்மா வாய் நிறையப் பாயசத்தோடு சிரிப்பை அடக்குவதை எடுத்தாள். கூடத்தில் எதைப் பெரிதாக்கி மாட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்? என்னுடையதை பீரோவுக்குள் வைத்திருக்கிறார்களாம். நல்ல படம் எது என்று அவளுக்குத் தெரிகிறது. அதைச் சொல்ல எனக்குப் பெருமைதான்.

அன்றைக்கு வெண்ணிலா கடையிலிருந்து போன பிறகு சங்கவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடைசி வரை கேட்டாள். பிறகு, "போன்ல சொன்னா மழுப்பிடுவீங்க, எழுதுங்க" என்று காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். நாலு காகிதம் கிழித்துப்போட்டு இது ஐந்தாவது.

அக்கா, உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். ரஞ்சித் கல்யாணத்தில் மேடை ஏறி அவன் பக்கத்தில் நில்லுங்கள். யார் என்ன சொன்னாலும் இறங்காதீர்கள். சங்கவி எடுப்பாள். நான் அன்றைக்குக் கேமராவைத் தொட மாட்டேன், உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் மண்டபத்துப் பக்கமே வர மாட்டேன். நீங்கள் பிள்ளைகளோடு நின்றீர்கள் என்று காதில் விழுந்தால் போதும்.

என்னை உங்கள் தம்பி மாதிரி நினைத்து இதைப் படிக்கச் சொல்லிக் கேட்கும்,
சுகுமார்

---

ஓசூர்
19-8-2013

சுகுமார் தம்பிக்கு வெள்ளையம்மாள் எழுதுவது. பேனா பிடித்து ரொம்ப நாளாகிறது, எழுத்து கோணலாக இருக்கும்.

கடிதம் வந்தது. நீ சொன்ன மாதிரி ரஞ்சித்திடம் கொடுக்கவில்லை. நீ சொன்னதற்காக இல்லை, எனக்கு வந்த கடிதம் என்பதால். படித்துவிட்டு இரண்டு நாள் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அடுப்படியில் தனியாகத் திட்டுவதைப் பார்த்துவிட்டு ரஞ்சித், "யாரம்மா அது, இந்தப் போடு போடுற" என்று கேட்டான். பால்காரனை என்று சொன்னேன். பாவம் பால்காரன்.

நீ எழுதினதில் ஒன்று விட்டுப்போயிற்று. உனக்குத் தெரியாது. வெண்ணிலாவின் முதல் பிள்ளைக்குக் காது குத்தும்போது என் மடியில்தான் இருந்தது. படம் எடுக்க ஆள் வந்ததும் பிள்ளையை வேறொருத்தி மடியில் போட்டுவிட்டு எழுந்து போனேன். படத்துக்கு ஆனது பிள்ளைக்கும் ஆகிவிடுமோ என்று பயம். இருபது வருஷம் என் பிள்ளைகளைக் கட்டிப் பிடிக்கவே யோசித்தேன் தம்பி. அது போனது போனதுதான். உன்னால் திருப்பித் தர முடியாது, நான் கேட்கவும் இல்லை.

ஆனால் உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அதையும் சொல்ல வேண்டும்.

மேடையில் நிற்கிறேன். என்ன நிறத்தில் சேலை எடுத்தால் படத்தில் நன்றாக விழும் என்று உன் மகளை எனக்கு போன் பண்ணிச் சொல்லச் சொல். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது.

மண்டபத்துக்கு வராமல் இருந்துவிடாதே. மற்றது எல்லாம் உன் மகள் எடுக்கட்டும். வெண்ணிலாவும் நானும் நிற்கிறதை மட்டும் நீ எடு. எடுத்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டு. நான் பார்த்த பிறகுதான் மேடையை விட்டு இறங்குவேன்.

துர்காவும் சங்கவியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நீயும்தான்.

வெள்ளையம்மாள்