கைநாட்டுக்கு அரைப்படி

1957 மார்ச் 4, திங்கள்

டிஸ்பென்சரிக்குப் பால் பவுடர் வந்தது. கர்ப்பிணிகளுக்கு ஆளுக்கொரு படி, இலவசம். கம்பவுண்டர் மேசையில் மை அட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியிடமும் கேட்கிறான்: “கையெழுத்தா, கைநாட்டா?” கையெழுத்துப் போட்டால் முழுப்படி. கைநாட்டுக்கு அரைப்படி. மீதியெல்லாம் டீக்கடைக்குப் போகிறது.

நேரே கேட்டேன். “எழுதத் தெரிஞ்சவ மனுப் போடுவா நர்சம்மா. இதுக எங்கிட்டுப் போயிச் சொல்லும்?” என்று சிரிக்கிறான். இவனெல்லாம் மனுஷனா? வயிற்றுப் பிள்ளையின் பாலில் திருடுகிறானே!

மார்ச் 11

வயிறு காட்ட வருகிறவர்களுக்குப் பெயர் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். தரைதான் பலகை, அடுப்புக்கரிதான் எழுதுகோல். ராசாத்திக்கு எட்டாம் மாதம், குனிய முடியவில்லை. சுவரில் எழுதினாள். சுவர் பாழாகிறதாம் — கம்பவுண்டருக்கு வருத்தம்!

ஏப்ரல் 8

ராசாத்தி முன்னால் மை அட்டையைத் தள்ளினான். அவள் பேனாவைக் கேட்டாள். நிதானமாகப் பெயரை எழுதிவிட்டு, “படி நெறையப் போடுங்க” என்றாள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஏப்ரல் 22

கம்பவுண்டர் மேல் மனு போய்விட்டது. அத்தனை பேரும் கையெழுத்து.

ஜூன் 3

அவனை மாற்றிவிட்டார்கள்! எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தேன். ராசாத்தி மகளோடு வந்திருந்தாள்.

ஜூலை 9

சம்பள விஷயமாக ஆபீஸ் போனேன். அவனை எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். கிளார்க் சொல்கிறார்: “இலுப்பூருக்கு அங்கிட்டு, காட்டுப் பக்கம். அங்கன பள்ளிக்கூடமே இல்ல. மனு வராதும்மா.”

அது எங்கள் ஊர். அடப் பாவிகளா! திருடனைப் பிடித்து, கதவில்லாத வீட்டிலா விடுவீர்கள்? தங்கச்சி செவந்தி அங்கே ஆறு மாதக் கர்ப்பிணி.

ஜூலை 14, ஞாயிறு

ஊருக்குப் போனேன். செவந்தியின் கட்டைவிரலில் மை.

“புதுக் கம்பவுண்டரு நல்லவருக்கா. கால்படி குடுத்தாரு. முந்தி இருந்தவரு அதும் குடுக்கல.”

அவள் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: “கையெழுத்தா, கைநாட்டான்னு கேட்டானா?”

“இல்லக்கா. இங்கிட்டு யாருகிட்டயும் அதக் கேக்குறதே இல்ல.”

ஜூலை 15

என்னையும் அங்கேயே மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். “தண்டனைக்கு அனுப்புற ஊரும்மா அது” என்று கிளார்க் சிரித்தார். தெரியும் என்றேன்.

ஆகஸ்ட் 19

வந்து சேர்ந்தேன். என்னைக் கண்டதும் அவன் முதலில் சுவரைத்தான் பார்த்தான்.