முதலில் வாசித்தவரின் பேத்தி

ஆகஸ்ட் 3, 1979. ஹொனலுலு
ரொட்டி உப்பவில்லை, என் மனசுதான் உப்பிக் கிடக்கிறது. போர்ச்சுகலின் மதெய்ரா தீவிலிருந்து எங்கள் ஆட்கள் ஹவாய்க்குக் கப்பலில் வந்து நூறு வருஷம். ஊர்வலத்தில் கப்பல் மாதிரி ஒரு வண்டி வருகிறது. துறைமுகத்தில் இறங்கியதும் முதன்முதலில் மஷெட் வாசித்தவரின் பேத்தி என்று அதன் முகப்பில் நிற்கப்போவது நான். அந்தக் குட்டி வாத்தியம்தானே பிறகு உகுலேலே ஆனது!

ஆகஸ்ட் 5
விழாக் கமிட்டி கூடியது. ஜுல்மீராவின் தாத்தாதான் முதலில் வாசித்தாராம். அமாரோவின் தாத்தாவும் அப்படித்தானாம். கூட்டம் முடிவதற்குள் அறை முழுக்க முதல் ஆட்கள். எல்லோரும் வாசித்தார்கள் என்றால் மூட்டையை யார் இறக்கினார்கள்?

ஆகஸ்ட் 6
என் வீட்டுக்காரர் கெயாவே ஹவாய்க்காரர். அவருக்கு ஒரே சிரிப்பு. "கொண்டாந்தது நீங்க, சரி. அதைச் செய்ய எங்க காட்டுக் கோவா மரம் இல்லன்னா, உகுலேலேன்னு எங்க பாஷைப் பேரு இல்லன்னா, அதை இன்னிக்கு யாரு கண்டுக்குவா?"
இன்று அவருடைய சூப்பில் மட்டும் நான் தொத்திறைச்சி போடவில்லை.

ஆகஸ்ட் 10
ஜுல்மீரா சாட்சியாகத் தாத்தாவின் மீசைப் படத்தைக் காட்டுகிறாள். மீசையாலா வாசித்தார்?

ஆகஸ்ட் 14
மானம் கப்பலேறிவிட்டது. சாட்சி சொல்ல ஹீலோவிலிருந்து ஒலிந்தா அத்தையை அழைத்து வந்ததே நான்தான். கமிட்டி முன்னால் அத்தை சொன்னாள்: "எங்கப்பாவா? அவரு எங்கடி வாசிச்சாரு! வழியெல்லாம் வாந்தி. 'அந்தக் கருமத்தை நிறுத்துங்கடா, இல்லன்னா கடல்ல வீசிருவேன்'னு கத்துனவருடி அவரு!"
ஜுல்மீரா நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்தாள்.

ஆகஸ்ட் 15
அழுதேன். ஏன் தாத்தா, கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா? இனி எந்த மூஞ்சியோட நான் வெளியே போவேன்?
கெயாவே பக்கத்தில் உட்கார்ந்தார். "அழாத பிலோமினா. அந்தக் கப்பல்ல எல்லாரும் வாசிச்சிருக்காங்க. கேட்டது உங்க தாத்தா ஒருத்தர்தான்."

ஆகஸ்ட் 19
முகப்பில் யார் நிற்பது என்று கமிட்டியில் கைகலப்பு. யாரும் யாருக்குப் பின்னாலும் நிற்கமாட்டார்களாம். கடைசியில் அமாரோ என் வீட்டு வாசலுக்கே வந்தார். "நீயே நில்லும்மா. நீ ஒருத்திதான் எங்களுக்குப் போட்டி இல்ல."

ஆகஸ்ட் 25
நின்றேன். கையில் வாந்தி வாளி. எனக்குப் பின்னால் முதலில் வாசித்தவர்களின் பேரப்பிள்ளைகள் எல்லோரும், ஆளுக்கொரு பாட்டு, ஒரே நேரத்தில். முதல் தெருவில் காதைப் பொத்தி நடித்தேன். இரண்டாவது தெருவில் நடிப்பு தேவைப்படவில்லை. "நிறுத்துங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். சனங்கள் விழுந்து விழுந்து சிரித்துக் கைதட்டினார்கள்.
எனக்கு இரண்டு தெரு தாங்கவில்லை. தாத்தா மாதக்கணக்கில் தாங்கியிருக்கிறார், ஒரு மஷெட்டைக்கூடக் கடலில் வீசாமல்.