எதிர்ப்பக்கமாக நடந்தவருக்கு

என் அன்பு மாப்பிள்ளை துரைசாமிக்கு,

பூங்காவில் நடக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து உங்கள் முதலாண்டு நினைவுக்கு ஒரு சிறு மலர் அச்சிடுகிறார்கள். நீங்கள் என் தங்கையின் கணவர் என்பதால் நான்தான் எழுத வேண்டுமாம். கரும்பலகையில் வரிசை போடாமல் எனக்கு எதையும் சொல்ல வராது என்று நீங்களே கேலி செய்வீர்கள். இப்போதும் வீட்டிலிருந்தே குறிப்பு எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

1. குளமும் பூங்காவும் இப்போது எப்படி இருக்கின்றன.
2. சரசு கொடுத்த ஷூ.
3. நீங்கள் என்மேல் கோபமாகவே போய்விட்டது.
4. மன்னிப்பு.

மற்றதைத் தூங்குமூஞ்சி மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இத்தனை வருடம் நடந்தும் இந்தப் பெஞ்சில் உட்காருவது இதுதான் முதல்முறை.

சிங்காநல்லூர்ப் பக்கம் இந்த வருடம் நல்ல மழை. குளம் நிறைந்து படிக்கட்டில் இரண்டு படி மூழ்கியிருக்கிறது. கூழைக்கடாப் பறவைகள் வந்துவிட்டன. ரோஜாப் பாத்தியைப் பிடுங்கிவிட்டு அரளி வைத்திருக்கிறார்கள். உங்களுக்குப் பிடிக்காது. வாசலில் உங்கள் படத்தோடு கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரை வெகுநாள் யாரும் அவிழ்க்கவில்லை. வெயிலில் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் நானே அவிழ்த்து மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அனுமதி கேட்க வேண்டுமோ என்று இரண்டு நாள் யோசித்த பிறகுதான்.

அடுத்தது ஷூ. போன வாரம் சரசு உங்கள் அலமாரியை ஒழித்தாள். "அண்ணா, இதப் பாருங்க, கடைசி மூணு மாசம் போட்ட ஷூ, அடி தேயவே இல்ல. டெய்லி எட்டு ரவுண்டு நடந்தாரு, புதுசாட்டவே வெச்சிருக்கறாரு. உங்குளுக்குச் சேருமா பாருங்க" என்றாள். சேர்ந்தது. பம்ப்புப் பட்டறைக்காரர் எந்தப் பொருளையும் பதமாகத்தான் வைத்திருப்பார் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது என் காலில் இருப்பது அதுதான்.

மூன்றாவதை எழுதத்தான் கை தயங்குகிறது.

அன்று நடைபாதையில் ஒருவர் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்து செண்டுமல்லிப் பாத்தியில் ஏற்றினார். நீங்கள் மறித்து நின்றீர்கள். காவலாளி ஓடிவந்ததும், தள்ளிக்கொண்டுதான் வந்தேன் என்று அவர் சாதித்தார். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "மச்சான், நீங்க பாத்தீங்கல்லொ? சொல்லுங்க."

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். ஆனால் அந்த மனிதர் என்னை முறைத்தார். "நான் செரியாக் கவனிக்கலீங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஸ்கூட்டர் போய்விட்டது. "செரி, வாங்க மச்சான், போலாம்" என்றீர்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் காலை பூங்கா வாசலில் நின்று, "இனி நான் அந்தப் பக்கமாச் சுத்தறனுங்க மச்சான். ஒண்ணா நடந்தா மூஞ்சியே பாக்கறதில்லீங்களே" என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். நான் அதைக் குத்தல் என்று எடுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு மூன்று மாதம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒருமுறை, இதே மரத்தடியில் எதிரே வருவீர்கள். கையை உயர்த்துவீர்கள். நானும் உயர்த்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போய்விடுவேன். என்னோடு முகம் கொடுக்க இந்த ஓர் இடத்தை மட்டும் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். கோபமா என்று கேட்க ஒவ்வொரு நாளும் வாயைத் திறப்பேன், மூடிவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டறையில் சாமி படத்துக்குப் பூ வைக்கும்போதே நீங்கள் சாய்ந்துவிட்டதாகச் சரசு போன் செய்தாள். இனி யாரிடம் கேட்பேன்?

இந்த இடம் வரை எழுதியபோது சூப் விற்கும் பொண்ணு ராஜாமணி வந்து நின்றது.

"ஏனுங்க சார், இன்னிக்கு உக்காந்துட்டீங்க? ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?"

"ஒண்ணுமில்லம்மா. எழுத்து வேலை."

"அதுக்குன்னு அந்தய்யா எடத்துலயே உக்காந்திருக்கறீங்களே."

"எந்த அய்யா?"

"உங்க மாப்ளைதானுங்க. அவரு டெய்லி இங்கதானுங்களே இருப்பாரு."

"அவர் எதிர்ப்பக்கமா நடப்பாரே?"

ராஜாமணி சிரித்தது. அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. "எங்கீங்க நடந்தாரு? கேட்டுலிருந்து இந்த மரத்துக்கு வர்றதுக்குள்ள நாலு தடவ நெஞ்சப் புடிச்சிட்டு நிப்பாருங்க. நீங்க அந்தத் திருப்பத்துல தலையக் காட்டுனதீம், 'அம்மணி, டம்ளரப் புடி, என்ர மச்சான் வந்துட்டாரு. கடியாரம் தப்புனாலும் அவரு தப்ப மாட்டாரு'ம்பாரு. எந்திரிச்சுக் கைய வீசிக்கிட்டுப் பத்தடி நடப்பாரு. நீங்க தாண்டிப் போனதீம் திரும்பி வந்து உக்காந்துக்குவாருங்க."

நான் பேனாவை மூடி வைத்தேன். "என்மேல கோவம்னு எதாச்சும் சொன்னாராம்மா?"

"கோவமுங்களா? அட நீங்க வேற. 'மச்சானுக்குத் தெரிஞ்சா பயந்துக்கிட்டு நடக்கறதையே உட்டுப்போடுவாரு. சக்கரை இருக்குது, அவரு நடக்கோணும்'னுதான் சொல்லுவாரு. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னா, பம்ப்பு சீசன் முடியட்டும்னு சொல்லிப்போடுவாரு. ஊட்டுல சொல்லாதேன்னு என்ர கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாருங்க சார். நானாச்சும் உங்ககிட்டச் சொல்லியிருக்கோணும்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டது.

"உம்மேல தப்பில்லம்மா" என்றேன். யாருக்கும் தைரியம் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஒரு சூப் வாங்கிக் குடித்தேன். காரம்.

மாப்பிள்ளை, வட்டப்பாதையில் இருவர் எதிரெதிராக நடந்தால் எங்கே சந்திப்பார்கள் என்று முப்பது வருடம் வகுப்பில் கணக்குப் போட்டவன் நான். இருவரும் நடந்துகொண்டே இருந்தால், ஒரு சுற்று முடிவதற்குள் ஒருமுறைக்கு மேலும் சந்திக்க வேண்டியிருக்கும். இடமும் மாறிக்கொண்டே வரும். ஒரு சுற்றுக்கு ஒரே முறை, அதுவும் அதே இடத்தில் என்றால் ஒருவர் நகரவே இல்லை என்று அர்த்தம். எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். உங்கள் ஷூவும் போன வாரம் அதையேதான் சொன்னது. நான் கடிகாரத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்!

நீங்கள் கோபமாக இருந்திருந்தால்கூடத் தேவலை என்று இப்போது தோன்றுகிறது. கோபித்துக்கொண்ட மனிதர் உயிரோடு இருந்திருப்பார். ஒரே ஒருநாள் நின்று, "கோவமா?" என்று கேட்டிருந்தால், பதில் சொல்ல உங்களுக்கு மூச்சு வாங்கியிருக்கும். அதில் எனக்குத் தெரிந்துபோயிருக்கும். சரசுவிடம் இதைச் சொல்ல வேண்டுமா? இந்த மலர் அவள் கைக்குப் போவதற்கு முன்பு நானே போய்ச் சொல்வதுதான் முறை. இன்று மாலை போகிறேன்.

நாலாவது, மன்னிப்பு. அது அப்படியே நிற்கிறது. ஸ்கூட்டரை நான் பார்த்தேன். இதை இத்தனை பேர் படிக்கும் இடத்தில் எழுதிவிட்டேன்.

நடப்பதை விடமாட்டேன், மாப்பிள்ளை. இனி உங்கள் பக்கமாகச் சுற்றுகிறேன். கடிகாரம் வீட்டில் இருக்கட்டும். எதிரே வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கிறேன். யாராவது மரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றால், நின்று கேட்கிறேன். இந்த ஷூவின் அடியைத் தேய்த்து முடிப்பது என் பொறுப்பு.

மேலே மூன்றாவதாகப் போட்ட குறிப்பு தவறு. அதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

உங்கள் மச்சான்,
சரசுவின் அண்ணன்