சொல்லக் கூடாத "வரேன்"

நவம்பர் 19, புதன். ராஜகீழ்ப்பாக்கம்.

பிரான்ஸிலிருந்து திரும்பி மூன்று நாளாகிறது. அங்கே போர் நினைவு நாளில் தன்னார்வலராக எனக்குக் கொடுத்த வேலை, முதல் உலகப் போரில் இறந்த இந்தியச் சிப்பாய்களின் கல்லறைகளைத் துடைத்துப் பூ வைப்பது. ஒரு கல்லில் நம்மூர்ப் பெயர்: முனுசாமி, வயது இருபது. கிளம்பும்போது பழக்கதோஷத்தில் "போயிட்டு வரேன் தம்பி" என்று சொல்லிவிட்டேன்.

இன்று சாப்பிடும்போது இதைச் சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சாவு வீட்லயே வரேன்னு சொல்லக் கூடாது. நீ சுடுகாட்ல போய் சொல்லிட்டு வந்திருக்கியே, அறிவிருக்கா?"

எனக்கும் கோபம். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

பாத்திரம் கழுவும்போது அம்மாவே ஆரம்பித்தாள்.

"வரேன்னு சொல்லிட்ட இல்ல? அடுத்த வருஷமும் போயிட்டு வந்துடு. அந்தப் பையன் காத்துகினு இருப்பான்."