சுடாத வளையல்கள்

மே 6, செவ்வாய்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. களிமண் வளையல் பத்து. இரண்டில் விரிசல். மீதி எட்டும் பாரிவாக்கத்தில், சாந்தி அக்கா பட்டறையில் காய்கின்றன. சூளையில் வைக்கவே கூடாது என்று அக்காவிடம் இரண்டு தடவை சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அதே பட்டறையில் நான் நடத்தும் கலை நிகழ்ச்சியில், மஞ்சள் நீராட்டுச் சடங்கு போலத் தலையில் மஞ்சள் நீர் ஊற்ற ஊற்ற, பச்சை மண் என் கையிலேயே கரைந்து வழிய வேண்டும். விஷயமே அதுதான்.

ஷேர் ஆட்டோ டிரைவர்: "மேடம், விச் கன்ட்ரி?"

"கோவில்பதாகை."

"அட, தமிழ் பேசுது பாரு!"

பேசுதாம். நான் என்ன கிளியா? பிறந்ததிலிருந்து இதே ரோடு. முடியும் நிறமும் அப்பாவுடையது. கென்யாவிலிருந்து படிக்க வந்தவர். எனக்கு இரண்டு வயதில் ஊருக்குப் போனார். போனவர் போனவர்தான்.

மே 7, புதன்

வாங்க: மஞ்சள் தூள் அரைக் கிலோ, துணி சோப்பு. மணை, பித்தளைச் சொம்பு இரவல்.

அம்மாவிடம் கேட்டே விட்டேன். நான் வயதுக்கு வந்தபோது மாமா சீர் கொண்டுவரவில்லை. "அவன் பெத்ததுக்கு நான் சீர் செய்யணுமா?" என்றாராம். தாய்மாமன் வராமல் ஏது சடங்கு? கதவைச் சாத்திக்கொண்டு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தாள் அம்மா. அவ்வளவுதான். இப்போது நானே மணையில் உட்காரப் போகிறேன், ஊரைக் கூட்டி. முதல் சொம்பு நீதான் ஊற்ற வேண்டும் என்றேன்.

"நான் எப்டிடி ஊத்துறது? அந்த ஆளு உசுரோட கீறாரா இல்லியான்னே தெரில. சுமங்கலிங்கதான் ஊத்தணும். பக்கத்து ஊட்டு அக்காவ கூப்டு."

"நீ ஊத்தலன்னா நான் உக்காரவே மாட்டேன்."

"உக்காராத போ."

பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். அவளும் வைத்தாள்.

மே 8, வியாழன்

பேச்சு இல்லை. டப்பாவில் எலுமிச்சை சாதம், அப்பளம். பேசாதவள் எதற்கு அப்பளம் பொரிக்கிறாள்?

சாயங்காலம் ஒரே ஒரு கேள்வி. "அந்த வளையலு தண்ணி பட்டா இன்னா ஆவும்?"

"ஒடைஞ்சு கரைஞ்சிடும்."

முகம் செத்துப்போயிற்று. எழுந்து போய்விட்டாள்.

மே 9, வெள்ளி

நாள் முழுக்க அம்பத்தூரில் சம்மர் கேம்ப், களிமண் வகுப்பு எடுத்தேன். பிள்ளைகள் செய்தது எல்லாம் யானை. அம்மா இன்று லீவாம். ஏன் என்று சொல்லவில்லை. எதிலும் மனசு நிற்கவில்லை.

மே 11, ஞாயிறு

பட்டறைக்குப் போனால் எட்டு வளையலும் செங்கல் நிறத்தில், கெட்டியாக. சுட்டுவிட்டார்கள்! சாந்தி அக்கா விழித்தாள். "உங்கம்மாதாம்மா வெள்ளிக்கிழமை வந்து, நீ சுடச் சொன்னன்னு சொன்னாங்க."

அம்மா மூலையில் நின்றுகொண்டிருந்தாள். வந்திருக்கிறாள்! இருந்தும் கத்தினேன்.

"கத்துடி, நல்லா கத்து. வளையல ஒடைக்கிறது எந்தச் சடங்குல? புருசன் செத்தாதான். எம் பொண்ணு மணையில உக்கார்றப்ப அது நடக்க உடுவேனா?"

சே. இத்தனை மாதம் யோசித்தும் இது எனக்குத் தோன்றவே இல்லை.

போட்டுப் பார்த்தேன். சூட்டில் இன்னும் சுருங்கிவிட்டன. சோப்பு தடவியும் கட்டைவிரல் எலும்பைத் தாண்டவில்லை. என் கை அப்பா கை, அகலம். அம்மா கையைப் பிடித்து இழுத்தேன். எட்டும் சுலபமாக ஏறின. யாருக்காகப் போடுகிறாய் என்று ஊர் கேட்டதிலிருந்து வெறுங்கை அது. கழற்றப் பார்த்தாள். விடவில்லை.

வெறுங்கையோடு மணையில் உட்கார்ந்தேன். சுற்றிலும் கூட்டம். அம்மா சொம்பைத் தூக்கினாள். வளையல் சொம்பில் இடிக்கும் சத்தம். தலையில் தண்ணீர். சில்லென்று.

"கண்ண மூடுடி, எரியும்."

மூடினேன். நன்றாகவே அழுதேன்.

மே 12, திங்கள்

லேசான தூறல். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனிக்குக் கிளம்பினாள், எட்டு வளையலோடும். ஆவடியில் டிரெயின் ஏறும்போதே நெரிசலில் உடைந்துவிடும், கழற்றி வை என்றேன்.

"ஒடைஞ்சா இன்னா? நீ வேற செஞ்சு தரமாட்டியா?"