ஜும்ஆவுக்குப் பிறகு நீ எழுந்து நின்றது

மச்சான்,

இன்று காலை வீட்டுக் கிணற்றுக்குக் குளோரின் போட்டேன். வாளியில் தூளைக் கரைத்தபோது ஏறிய நெடி என்னைச் சுனாமி முகாமுக்கே கொண்டுபோய் விட்டது. பள்ளிக்கூடக் கிணற்றடியில், ஊரின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரான, பீஎச்ஐயான நான் இதே தூளைக் கரைக்கிறேன். பத்தடி தள்ளி, கடலுக்குக் கடையைப் பறிகொடுத்த நீ, ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு எல்லாருக்கும் சவரம் செய்கிறாய்.

முகாமில் அப்போது செங்கண்மாரி. கெட்ட தண்ணீராலும் கழுவாத கையாலும் பரவும் 'ஏ' வகை ஈரல் அழற்சி. கண் மஞ்சளாகிப் படுத்தவர்கள் சில கிழமைகளில் எழும்பிவிட்டார்கள். அதற்காகக் கிணறு கிணறாக ஓடிய நான், பிளேட் தட்டுப்பாட்டில் நீ ஒரு பாதி பிளேட்டை டெற்றோல் தண்ணீரில் தோய்த்து நாலைந்து பேருக்கு ஓட்டியதைப் பார்த்தும் பேசாமல் இருந்தேன். என் முறை வந்ததும் கதிரையில் ஏறி உட்கார்ந்தேன். படித்தவன் செய்கிற வேலையா அது!

அடுத்த வருடம் புதுக்கடை போட்டாய், பள்ளிவாசலில் இரத்ததானம் செய்தாய். இரத்த வங்கியில் கூப்பிட்டுச் சொன்னார்கள், உனக்கு ஈரல் அழற்சி 'பி' இருக்கிறது என்று. சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தாய்.

"முகாமில எல்லாருக்கும் வந்து போன சாமான்தானேடா. கீழ்க்காய்நெல்லி குடிச்சா எனக்கும் போயிரும்."

"இது வேறடா," என்றேன். இந்த நோயில் ஐந்து வகை உண்டு. 'பி' தண்ணீரில் வருவதில்லை. இரத்தத்தால், பிளேட்டால், ஊசியால், உடலுறவால், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும். பெரியவர்கள் பலருக்குத் தானாக விலகிவிடும். விலகாதவர்களுக்கோ வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து ஈரலைத் தழும்பாக்கும், புற்றுநோயிலும் கொண்டுபோய் விடும். உன் சிரிப்பு நின்றது. ஆனால் உன் உயிரைப் பற்றி நீ கேட்கவில்லை.

"நானும் அதே பிளேட்டாலதானேடா சவரம் எடுத்த? அப்ப எத்தின பேருக்குப் போயிரிக்கும்?"

"வெளிய கதைக்காத. கடைக்கு ஒருத்தனும் வரமாட்டான்," என்றேன், அரசாங்கச் சம்பளம் வாங்கும் நான்.

"நீ பீஎச்ஐதானே? ஊருக்கு நீ சொல்ல வேண்டியத என்னையும் சொல்ல வேணாங்கிறா."



அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் எழுந்து நின்றாய். "எனக்கு இந்த பி வருத்தம் இரிக்கி. என்ட கையால சவரம் எடுத்த எல்லாரும் ரத்தம் சோதிச்சிப் பாருங்க. இல்லாத ஆக்கள் தடுப்பூசி போட்டுக்கங்க." எனக்கு உன்னை நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது, என்னை நினைத்துத் தலை குனிந்தது.

இரண்டு மாதம் உன் புதுக்கடையில் ஈயாடியது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள், ஆளுக்கொரு புது பிளேட்டோடு. நானும் சோதித்தேன். எனக்கும் இருந்தது. முகாமிலா, அதற்குப் பல வருடம் முன் உன் பழைய கடையிலா, உன்னிடமிருந்து எனக்கு வந்ததா, என்னிடமிருந்து உனக்கா, யாராலும் சொல்ல முடியவில்லை. நீதான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய்.

"நீ எழும்பாட்டி எனக்குத் தெரிஞ்சே இரிக்காதுடா," என்றேன்.

என் ஈரல் அதிகம் கெட்டிருக்கவில்லை, மருந்து கைகொடுத்தது. உன்னுடையது முன்பே தழும்பேறிவிட்டது. சண்டை முடிந்து, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறாமல் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்ற காலம் வந்தபோது, அந்த வீதியில் உன்னோடு நாலைந்து தடவைதான் போகக் கிடைத்தது; அதற்குள் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இப்போதும் கிளினிக்கில் காத்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் காதோடு கேட்பார், என்ன வருத்தம் என்று. நான் குரலைத் தாழ்த்துவதில்லை மச்சான். "எனக்கு பி. இதச் சோதிச்சிப் பாக்க வச்சவன் என்ட கூட்டாளி, கல்முனையில முடி வெட்டினவன்" என்று நாலு பேருக்குக் கேட்கவே சொல்கிறேன்.